சிவப்பு ரிப்பன் கட்டிய கன்று

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு ஒரு கன்றுக்குட்டி வந்தது.

வந்தது என்றா சொன்னேன்? கூட்டிவரப்பட்டது என்பதுதான் சரி. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன். ரிப்பனின் மற்ற நுனி என் மகள் மலரின் கையில். அவளுக்கு ஆறு வயது. ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தொங்குகிறது. சட்டையின் ஓரத்தைக் கன்று சூப்பிக்கொண்டே வந்திருக்கிறது போலும், அந்தப் பக்கமெல்லாம் எச்சில்.

பள்ளிக்கூட விடுமுறை. பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்காவோடு காட்டோரம் விறகு பொறுக்கப் போனவள் அவள். அக்கா தலையில் விறகுக்கட்டோடு பின்னால் வந்தார்.

"பாருங்கோ தங்கச்சி, நான் சுள்ளி பொறுக்க, இவள் கண்டுக்குட்டி பொறுக்கிறாள்."

நான் குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு எழும்பினேன்.

"அம்மா, இது துலைஞ்சு போச்சு. நான் கண்டெடுத்தனான்," என்றாள் மலர்.

"எங்கை கண்டெடுத்தனி?"

"பத்தையுக்கை. தனியப் படுத்திருந்தது. ஒருத்தரும் இல்லை."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... ஊரையே காப்பாற்றிவிட்டு வந்து நிற்பவளின் முகம் அது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது சனிக்கிழமைக் கதையின் பலன்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கதை சொல்கிற ஆள். மலருக்குச் சோறு தீத்தும்போது ஒரு கதை, சீப்பால் தலை இழுக்கும்போது ஒரு கதை. சனிக்கிழமை சொன்னது ஒரு சின்னப் பெண்ணின் கதை. சந்தைக்குப் போகிற வழியில் அவள் ஒரு வெள்ளிக் கொலுசைக் கண்டெடுக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைக்கிறாள். கொலுசுக்குச் சொந்தக்காரப் பிள்ளை அழுதுகொண்டு வந்ததும் எடுத்துக் கொடுக்கிறாள். எல்லாருக்கும் சந்தோஷம். கதை முடிந்தது, சோறும் முடிந்தது.

ஒரு வாசகி முன்பு கேட்டிருந்தார் — பிள்ளைகளுக்கு எந்த வயதில் நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கத் தொடங்கலாம் என்று. எந்த வயதிலும் தொடங்கலாம் அம்மா. ஒன்றுக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். நாங்கள் சொல்வதை அவர்கள் உண்மையாகவே கேட்டுவிடுவார்கள்.

அன்று காலை முழுவதும் எங்கள் ஒழுங்கையில் மலர்தான் கதாநாயகி. அன்னலட்சுமி அக்கா வீட்டுக்குள் போய் ஒரு துண்டு கற்கண்டு கொண்டுவந்து அவள் வாயில் போட்டார். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்து, "கெட்டிக்காரி. எங்கடை பெடியங்கள் எண்டால் கல்லெறிஞ்சிருப்பாங்கள்," என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி, "நான் சொன்ன கதை நல்லாய்ப் பதிஞ்சிருக்கு," என்றேன். பெருமை பாருங்கள்!

கன்றை முருங்கை நிழலில் கட்டினோம். கட்டிவைத்தால் சொந்தக்காரர் தேடி வருவார் என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கையில் இருக்கிற நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துச் சனம். முரசுமோட்டைப் பக்கம் காணி கிடைத்து, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய வந்தவர்கள். எங்கள் ஊரில் நாலு பக்கமும் வேலி. வேலிக்கு வெளியே தனியே ஒரு மாடு நின்றால் அது கட்டறுத்து வந்த மாடுதான். பிடித்துக் கட்டிவைப்போம். சொந்தக்காரர் சத்தம் போட்டுக்கொண்டே வருவார், பயிர் தின்றதற்கு நாங்கள் சத்தம் போடுவோம், கடைசியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்.

ஆனால் இங்கே மாடு காட்டுக்குள் மேய்கிறது. காலையில் தானே போகிறது, பின்னேரம் தானே வருகிறது. இதை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம். பார்த்தும் என்ன? தலைக்குள் இன்னும் வேலிதான் நிற்கிறது.

மத்தியானம் ஆனது. சொந்தக்காரர் வரவில்லை. கன்று எழும்பவில்லை.

கஞ்சித் தண்ணீர் வைத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்னலட்சுமி அக்கா தன் ஆட்டில் கறந்து ஒரு கோப்பை பால் கொண்டுவந்தார். போத்தலில் விட்டு, என் கைக்குழந்தையின் சூப்பியை மாட்டி, வாய்க்குள் வைத்துப் பார்த்தோம். இரண்டு முறை சப்பியது, பிறகு விட்டுவிட்டது. பால் கடைவாயால் வழிந்தது. பிறந்து சில நாள்தான் இருக்கும் அதற்கு. தொப்புள்கொடி காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மலர் பக்கத்தில் குந்தியிருந்து அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உன்ரை ஆள் வருவார். பயப்பிடாதை," என்று அதற்குச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து சாப்பிட வந்தார். கன்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இனி அடுத்த கிழமை யானைக்குட்டியின்ரை கதை சொல்லிப்போடாதையும்," என்றார்.

பகிடிதான். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கன்றை இன்னொரு முறை பார்த்தார். "இது பின்னேரம் வரைக்கும் தாங்குமோ தெரியேல்லை," என்று மெதுவாகச் சொன்னார். மலருக்குக் கேட்காமல்.

அது செத்துப் போனால் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்? கதையில் வந்த பெண்ணின் அரிசிப் பானைக்குள் கொலுசு சாகாது.

அப்போதுதான் அந்தச் சத்தம். காட்டுப் பக்கமிருந்து ஒரு மாடு கத்தியது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான் என்று இப்போது தோன்றுகிறது. மாடு கத்துவது இங்கே புதினமா? யார் கவனித்தோம்? மாடு ஒரு பக்கம் கத்திவிட்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பக்கத்திலிருந்து கத்தும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற மாடு.

என் மகன் — நாலு மாதக்காரன் — அன்று ஏணைத் தொட்டிலுக்குள் வழக்கத்தைவிட அதிக நேரம் நித்திரை. பால் குடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. மாடு கத்தக் கத்த எனக்கு மார்பு கட்டி நோகத் தொடங்கியது, சட்டை நனைந்தது. தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது.

எனக்கு உறைத்தது.

இந்தக் கன்று எங்கே தொலைந்தது? தாய் அதைப் பற்றைக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. திரும்பி வந்து பார்க்க, இடம் வெறுமை.

மலரைக் கூப்பிட்டேன். ஏணையைக் காட்டினேன்.

"நான் தம்பியை இதுக்கை வளத்திப்போட்டுக் கிணத்தடிக்குப் போறனான் எல்லே?"

"ஓம்."

"அந்த நேரம் ஆரோ ஒரு நல்ல பிள்ளை வருகுது. பாக்குது. ஒருத்தரும் இல்லை, தம்பி தனியக் கிடக்கிறான். ஐயோ பாவம், துலைஞ்சு போச்சு எண்டு தூக்கிக்கொண்டு போனால்?"

அவள் ஏணையைப் பார்த்தாள். முருங்கையடியைப் பார்த்தாள். காட்டுப் பக்கம் மாடு மறுபடியும் கத்தியது. அவள் உதடு கோணியதைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. ஆனால் அவள் அழவில்லை.

"கெதியா வாங்கோ அம்மா," என்றாள்.

தம்பியை அன்னலட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். கன்றால் நடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். மலர் முன்னால் ஓடினாள்.

வண்டிப்பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில் காய்ந்ததும் பச்சையுமாக எத்தனையோ இலைக்கொத்துகள் தொங்கும். இந்த ஊர்ச் சனம் காட்டுக்குள் கால் வைக்கமுன் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்கென்று அதில் போடுவார்கள். நாங்கள் வந்து இவ்வளவு காலமாகியும் ஒரு நாளும் போட்டதில்லை. மலர் நின்றாள். எட்டி ஒரு குழை முறித்தாள். கிளை எட்டாததால் நான் தூக்கிப் பிடிக்க, அதில் கொழுவினாள்.

"என்ன கேட்டனி?"

"தாய் கோவிக்கக்கூடாது எண்டு."



பற்றையை அவள்தான் காட்டினாள். புல் அமுங்கி, கன்று படுத்த தடம் அப்படியே இருந்தது. இவர் கன்றை அதில் இறக்கினார். ரிப்பனை அவிழ்க்கக் கை வைத்தவர், கொம்பாட்டிக்கொண்டு மாடு வருவதைக் கண்டு எங்களையும் இழுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். தூரத்தில் ஒரு மரத்தின் மறைவில் நின்றோம்.

"எங்கடை ஊரிலை சொல்லுவினம்," என்றார் என் காதோடு, "மனிச வாடை பிடிச்சால் தாய் கிட்ட விடாதாம்."

இதை இவர் முன்பே சொல்லியிருக்கக்கூடாதா? காலையிலிருந்து அந்தக் கன்றைத் தடவாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. எதிர்வீட்டுக்காரரின் சுருட்டு மணம்கூட அதில் இருந்திருக்கும்.

மாடு கன்றின் பக்கத்தில் வந்து நின்றது. முகர்ந்தது. தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது. மறுபடியும் முகர்ந்தது. ரிப்பனைக் கொம்பு நுனியால் தட்டிப் பார்த்தது. ஒரு அடி பின்னால் போனது.

மலரின் விரல்கள் என் கையை நோகிற மாதிரி இறுக்கின.

பிறகு அது நக்கத் தொடங்கியது. முதலில் முகத்தை, பிறகு முதுகை, பிறகு முழு உடம்பையும் — நாங்கள் தடவியதையெல்லாம் கழுவித் துடைக்கிற மாதிரி. கன்று தள்ளாடி எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. வாலை ஆட்டிக்கொண்டு மடியை முட்டியது.

திரும்பி வரும்போது மலர் கேட்டாள்.

"அப்ப நான் களவெடுத்தனானோ?"

இவர் என்னைப் பார்த்தார். கதை சொல்கிற ஆள் நான்தானே...

"இல்லையம்மா. களவெடுக்கிறவைக்குத் தெரியும், அது தங்கடை இல்லையெண்டு. நீ உதவி செய்யத்தானே நினைச்சனி."

"ஆனா அது பசியோட கிடந்ததே."

"ஓம். கிடந்தது."

"எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி எண்டு சொன்னவை."

"அவைக்கும் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை."

என் கதைகளில் நல்லவர்கள் நல்லது செய்வார்கள், அது நல்லதாகவே முடியும். நல்ல மனதோடு செய்த ஒன்று இன்னொருவரைப் பட்டினி போடலாம் என்று நான் ஒரு கதையிலும் சொன்னதில்லை. சொன்னால் சோறு இறங்காது என்று நினைத்தேனோ என்னவோ.

கொஞ்சத் தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"இனி நான் உடனை எடுக்கமாட்டன். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருப்பன். ஆரும் வருகினமோ எண்டு."

இவ்வளவுதான். இதைவிட நல்ல முடிவை என்னால் எந்தக் கதைக்கும் எழுத முடியாது. அன்று இரவு சோறு தீத்தும்போது அவள் கொலுசுக் கதையையே மறுபடியும் கேட்டாள். ஒரு மாற்றத்தோடு — அந்தப் பெண் கொலுசைக் கண்டதும் முதலில் பாதையோரத்தில் குந்தியிருக்க வேண்டுமாம். இருளுகிற மட்டும் ஒருவரும் வராவிட்டால்தான் அரிசிப் பானை. சரி என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலையடியில் நின்றார். நாங்கள் வருமுன்பே இங்கே இருந்த பழைய ஊரைச் சேர்ந்தவர், காட்டில் பட்டி மாடு வைத்திருக்கிறவர். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சிவப்பு ரிப்பன். ஒரு நுனியை மாடு மென்றிருந்தது.

"தங்கச்சி, இது இஞ்சத்தைப் பிள்ளையின்ரையோ? என்ரை கண்டு ஒண்டு கலியாணப் பொம்பிளை மாதிரி வந்து நிண்டது. அதுதான் ஒவ்வொரு ஒழுங்கையாய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் ஹாண்டிலில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்டு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"துள்ளித் திரியுது," என்றார். பிறகு என் பின்னால் ஒளிந்து நின்றவளிடம் ரிப்பனை நீட்டினார். "இந்தா பிள்ளை. நீ துலைச்ச சாமான். நான் கண்டெடுத்துக் கொண்டு வந்திருக்கிறன்."

மலர் முன்னால் வந்தாள். ரிப்பனைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"அது துலையேல்லை. நான் கண்டுக்கெண்டு விட்டிட்டு வந்தனான்."

அவர் ரிப்பனை மடித்து, திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கியது. என் மகள் இரண்டு பின்னலும் ஒரு ரிப்பனுமாகப் போனாள்.