செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

காலனிப் பள்ளிக்கூடத்து ஆயா மாராத்தாளுக்கு அன்று வேலை விடியும் முன்பே தொடங்கிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓடு மழையில் சரிந்துவிட்டதால், தொண்ணூற்றாறாம் வருட உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குச்சாவடி காலனிக்கு வந்திருந்தது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கேயுள்ள அந்த ஊரின் பண்ணைக்காரர்கள் இந்த வாசலை மிதிப்பது அதுவே முதல்முறை.

ஏழு வயதில் மாராத்தாளை ஊர்ப் பள்ளியில் சேர்க்க அவள் அப்பா ராசப்பன், தானே தைத்த செருப்போடு பண்ணை வீதியில் நடந்தார். அப்போது இளவட்டமாக இருந்த பண்ணைக்காரர் மகன் வெங்கடபதி மறித்தான். செருப்பைத் தலையில் வைத்து வீதியைச் சுற்றிவரச் சொன்னான். மகள் பார்க்கப் பார்க்க அவர் சுற்றினார்.

அதற்குப் பிறகுதான் காலனி ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி கட்டினார்கள். ஏர் பூட்டாத அமாவாசையன்று மட்டுமே பண்ணையில் ஓய்வு. பதினெட்டு அமாவாசையில் சுவர் எழும்பியது. அந்தச் சுவருக்குள் எழுத்துக் கற்ற மாராத்தாள், பிறகு அந்தப் பள்ளியையே கூட்டிப் பெருக்கும் ஆயாவானாள். வெங்கடபதியின் கையில் செருப்பைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் நாற்பத்து மூன்று வருடமாக ஆறவேயில்லை.

தேர்தல் நாள் விடியும் முன்பே பள்ளியின் மண்தரையைச் சாணியால் மெழுகினாள். கரும்பலகையை வாசலில் சாய்த்து, 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதினாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் தேர்தல் அதிகாரி.

"ஈரத் தரைங்க. செருப்போட மிதிச்சா சேறாயிருமுங்க."

அவரே ஷூவைக் கழற்றினார்.

பத்து மணிக்கு வெங்கடபதி வந்தான். வாசலில் காலனிக்காரர்களின் செருப்புகள் குவிந்துகிடந்தன.

"ஏ மாராத்தா, என்ற செருப்ப எடுத்துத் தனியா வையி."

"நான் தொட்டாத் தீட்டுங்களே சாமி. அந்தக் குமியிலயே போடுங்க. கூட்டாளிக நெறைய இருக்குது."

வரிசை சிரித்தது. அந்தக் குவியலில் சேர்க்க அவனுக்கு மனம் வராது. அதை நம்பித்தான் அவள் தரையையே மெழுகியிருந்தாள். வெங்கடபதி குனிந்தான். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டுகள், போதாததற்குக் குத்துகிற முத்திரையும். ஒற்றைக் கையில் அடங்காமல் சீட்டுகள் சாணித் தரையில் சிதறின.

"தலையில வச்சுக்கங்க சாமி," என்றாள் மாராத்தாள் வாசலிலிருந்து. "ரெண்டு கையும் சும்மா இருக்குமுங்க. எங்கப்பன் அப்படித்தானுங்க வச்சிருந்தாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சீட்டையும் அவன் பொறுக்கி முடிக்கும்வரை அவள் நின்று பார்த்தாள்.