கப்பலின் அடியில் இருந்த குறி

"இது அழுக்கு இல்லை" என்று என் அண்ணனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மனிதர் கேட்டால்தானே! போர்ட் கொச்சியில் பொதுச் சலவைக் களத்தில் வாழ்நாளெல்லாம் துணி வெளுத்தவர். வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்று மஞ்சளாக இருந்தால் அதற்குப் பெயர் அழுக்கு. அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவருக்குத் தேவையில்லை.

விஷயம் ஒரு பொம்மைக் கப்பல். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பா அண்ணனுக்கு வாங்கித் தந்தது. முழங்கை நீளம், வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே சிவப்பாக ஒரு புகைபோக்கி. இத்தனை வருடத்தில் அந்த வெள்ளை, வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி ஆகிவிட்டது. களமசேரியில் இருக்கும் தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும், பேரனுக்குக் கொடுக்கவேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவள் பார்த்துவிட்டு, "ஐயோ அப்பா, இவ்ளோ அழுக்கு! குழந்தை வாயில வைக்குமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால். வெளுப்பதையே தொழிலாகக் கொண்ட வீட்டின் சாமானை அழுக்கு என்று சொன்னால்? அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் அந்தக் கப்பலைக் கொடுக்க நினைத்ததற்குக் காரணம் அதன் அடிப்பக்கத்தில் இருந்தது. சலவைக்கு வரும் துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போடுவது வழக்கம். அப்பா எங்களுக்கும் அப்படிக் குறி வைத்திருந்தார். அண்ணனுக்கு ஒரு கோடு, அதன் தலையில் ஒரு புள்ளி. எனக்கு இரண்டு கோடு. தட்டு, தம்ளர், பொம்மை, எதுவானாலும் அடியில், துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு இழுத்துவிடுவார். சண்டை வந்தால் சாமானைத் திருப்பிப் பார்ப்போம், தீர்ப்பு அங்கேயே இருக்கும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தட்டும் தம்ளரும் எங்கெங்கோ போய்விட்டன. அவர் காலத்துக்குப் பிறகு, அவர் கைப்பட்டது என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கோடும் புள்ளியும்தான். பேரனுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டது அதுதான்.

நான் ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே யாரும் சீண்டாத பழைய பொம்மைகளை மட்டாஞ்சேரி வீட்டுக்குக் கொண்டுவந்து அவற்றின் மஞ்சள் நிறத்தை எடுத்து வைப்பது என் பைத்தியம். அது தெரிந்துதான் அண்ணன் ஒரு பையில் கப்பலோடு வந்து நின்றார். நேராக என்னிடம் வந்திருந்தால் பரவாயில்லை. முதலில் சோப்பு, அப்புறம் சலவைச் சோடா, அப்புறம் பிளீச்சிங் பவுடர், எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக நீலத்தில் முக்கியிருக்கிறார். நீலத்தில்! மஞ்சளும் நீலமும் சேர்ந்து கப்பலின் முனை பச்சையாக நின்றது.

"நீலம் போட இதென்ன வேட்டியாண்ணே?"

"வெள்ளைன்னா வெள்ளைதான். அதுல வேட்டியென்ன, கப்பலென்ன?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பிளாஸ்டிக்கே பழசாகி நிறம் மாறியிருக்கிறது, மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, தேய்த்தால் போகாது என்று மறுபடியும் பாடம் நடத்தினேன். பியூட்டி பார்லரில் முடியின் நிறத்தை எடுக்க ஒரு வெள்ளைக் கிரீம் வைத்திருப்பார்கள். அதைப் பூசி, சாப்பாடு பொதிகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி, வெயிலில் வைக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தை. சொல்லி முடிப்பதற்குள் அவர் சாயாவைக் குடித்துவிட்டு, "வெயில்ல வைக்கிறதுதானே, அது எனக்குத் தெரியாதா" என்றார்.

மாடியில் வைத்து நீலத்தைத் துடைத்தெடுத்தேன். கிரீம் பூசுவதற்கு முன்னால் அடிப்பக்கத்துக் குறியின் மேல் ஒரு டேப் ஒட்டினேன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இது எதுக்கு?"

"குறி போயிடக் கூடாதுல்ல."

அவர் சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! "குறி போகுமாடீ? வெள்ளாவியில வேகும், கல்லுல அடி வாங்கும், துணி கிழிஞ்சு நூலாப் போகும், குறி அப்படியே நிக்கும். அப்பா போட்டதுடீ. இதை ஒட்டினா அந்த இடம் மட்டும் மஞ்சக் கட்டமா நிக்கும். என் மகள் அதையும் அழுக்குன்னுவா."

மஞ்சள் கட்டம் விழும் என்பது உண்மைதான். அதோடு நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. குறி போகாது என்பது எனக்கும் பால் வெள்ளை என்பது போலத்தான். டேப்பை உரித்துப் போட்டுவிட்டுக் கிரீமைப் பூசினேன்.

அதற்கப்புறம் இந்தக் கொச்சி வெயிலோடு நான் பட்ட பாடு! மாடியில் கொண்டுபோய் வைத்தால் மேகம் வரும். உள்ளே எடுத்தால் சுள்ளென்று அடிக்கும். தூறல் விழுந்தால் பாதிச் சமையலில் ஓடுவேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் மலையாளத்துப் பெண், "எந்தா சேச்சீ, கப்பலினு ஃபேஷியலா?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். இது போதாதென்று மணிக்கொரு தரம் அண்ணனின் போன்.

"வெளுத்துச்சா?"

"இல்லண்ணே."

"பேசாம நம்ம களத்துக்குக் கொண்டு வா. துணி மாதிரி கயித்து முறுக்குல செருகித் தொங்க விட்டா ரெண்டு பக்கமும் வெயில் படும்."

கப்பலைக் கயிற்றில் தொங்கவிடுவாராம்! போனை வைத்துவிட்டேன்.

ஒருவழியாக நல்ல வெயில் நின்று அடித்தது. தாளைப் பிரித்துக் குழாயடியில் காட்டினேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு வெள்ளை! இத்தனை நாள் எரிச்சலெல்லாம் மறந்து, அடிப்பக்கத்தைக் கழுவத் திருப்பினேன். கிரீமோடு சேர்ந்து பழுப்பாக ஏதோ விரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஓடி முடித்தபோது அங்கே கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

துணியில் சாறு நூலுக்குள் இறங்கும். பிளாஸ்டிக்கில் இறங்க இடம் ஏது? சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது; சோப்புக்கும் சோடாவுக்கும் நின்றது, கிரீமும் வெயிலும் சேர்ந்ததும் கழன்றுவிட்டது. வெளுப்பதிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது இது தோன்றவேண்டாமா? அந்த டேப்பை ஏன் உரித்தேன் என்று என் மேல் கோபம் வந்தது, அதைவிட அவர் மேல் வந்தது. வரட்டும், இந்த முறை விடுவதில்லை என்று திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தார். மேஜைமேல் கப்பலைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அடடா! இனி அவ சொல்லட்டும் பாக்கலாம், அழுக்குன்னு" என்று இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்த வேகத்தில் திருப்பினார். எங்கள் வீட்டில் யாரும் எதையும் திருப்பிப் பார்க்காமல் கையில் வைத்திருப்பதில்லை.

ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு கப்பலை மேஜையில் வைத்துவிட்டு, "இது நம்மளுது இல்ல" என்றார். களத்தில் குறி இல்லாத துணி வந்தால் அப்படித்தான் சொல்லி ஒதுக்கி வைப்பார்.

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போதெல்லாம் துணிக்குக் குறி போடும் பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீயே போடுண்ணே. உனக்குத் தெரியாத குறியா?"

மூடியைக் கழற்றினார். கப்பலின் அடிக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுபோய்க் கொஞ்சநேரம் வைத்திருந்தார். மறுபடியும் மூடினார்.

"நான் போட்டா, அது நான் போட்டதுடீ."

அந்த நேரம் பார்த்து அவர் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் குழந்தை. அண்ணன் கப்பலைத் தூக்கிக் காட்டினார்.

"அப்பா! எவ்ளோ நல்லா இருக்கு! அந்தப் பழசைப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமா மோளே, புதுசுதான்" என்றார். "குழந்தை வாயில வெச்சாலும் ஒண்ணுமில்ல."