வீட்டு வானைச் சுற்றி ஒரு வாய்க்கால்

எங்கள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் ஒரு மடிப்புக் கதிரை நிற்கிறது. பச்சைத் துணி வெயிலில் வெளிறி இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. வலது கைப்பிடியில் தேநீர்க் கோப்பை வைக்க ஒரு வட்ட ஓட்டை. கனடாவிலிருந்து வந்த மச்சாள், என் கணவரின் ஒரே தங்கை, திரும்பிப் போகும்போது “அண்ணைக்கு இருக்கட்டும்” என்று விட்டுப்போனது. அந்த ஓட்டையில் எங்கள் வீட்டுப் பேணி எதுவும் நிற்காது. ஒன்று உள்ளே விழுந்துவிடும், இல்லாவிட்டால் மேலே நின்று ஆடும். அதற்காகவே இவர் முல்லைத்தீவுக்குப் போய் அளவான ஒரு கோப்பை வாங்கிவந்தார். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் எனக்கென்று ஒரு கோப்பை வாங்கிய மனிதர் அல்ல.

இவர் அதிகம் பேசாதவர். வயலுக்குப் போனால் போனதுதான், வந்தால் வந்ததுதான். பசித்தால்கூடக் குசினி வாசலில் வந்து நிற்பாரே தவிர வாய் திறந்து கேட்கமாட்டார். அப்படிப்பட்டவர், மச்சாள் கனடாவிலிருந்து வருமுன் ஒரு பயணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். கொழும்பில் ஒரு வீட்டு வான் வாடகைக்குக் கிடைக்கிறதாம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டாம். மாங்குளத்துக்கு அப்பால் ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்த பூங்காவில் அதை நிறுத்தி இரண்டு இரவு தங்குவது என்று அண்ணனும் தங்கையும் முடிவுகட்டினார்கள். பொழுதுபட்டால் தொலைபேசி அடிக்கும். வான் நுழைய மரக்கிளை இடம் விடுமா, நிழல் எந்தப் பக்கம் விழும், ஆற்றில் ஆவணியில் தண்ணீர் இருக்குமா என்று அவள் கேட்பாள். இவர் அடுத்த நாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவருவார். எத்தனை வருடமாகக் கதிர்காமம் போவோம் என்று நான் கேட்டிருப்பேன். மாட்டை யார் பார்ப்பது என்பார். தங்கை கூப்பிட்டதும் மாட்டைப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஆள் கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. நான் வருகிறேனா என்று இவர் கேட்கவே இல்லை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மச்சாளே கேட்டாள்; அவளுக்கு நானும் மச்சாள்தான். நான் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி சத்தமாக வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“நாலு கட்டில்தான் அண்ணை இருக்கு. நாங்கள் பிள்ளையோட மூண்டு பேர், நீங்கள் ஒராள். மச்சாளுக்கு என்ன செய்யிறது?”

“அவளைப் பற்றி யோசியாதை. அவள் எங்கையும் படுப்பாள்.”

மூட்டை முடிச்சைப் பற்றிச் சொல்வதுபோல் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். போகாமல் வீட்டில் இருந்து பழி தீர்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நான் இல்லாமல் அவர்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் இருந்து சிரிக்கும் காட்சி கண்ணுக்குள் வந்தது. பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன்.

புறப்பட்ட அன்று, வானோடு வந்து இறங்கிய மச்சாள் எங்கள் சாமான்களைப் பார்த்து வாயில் கையை வைத்தாள். அரைச் சாக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, கூரையாகக் கட்டத் தறப்பாள், கயிற்றோடு கிணற்று வாளி, மண்வெட்டி. “அண்ணை, ரெண்டு இரவுக்குத்தான் போறம்” என்றாள். நாங்கள் இருவரும் அவளைத்தான் விசித்திரமாகப் பார்த்தோம். வீட்டை விட்டு இரவு தங்கப் போகிறவர்கள் வேறு எப்படிப் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கணவர் சாக்கைத் தூக்கி, பளபளவென்றிருந்த அந்த வானுக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

ஆறு ஒரு கரையோரமாக ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மருத மரங்களின் நிழலில் வானை நிறுத்தி, மச்சாள் தான் கொண்டுவந்த மடிப்புக் கதிரைகளை விரித்தாள். எல்லாமாக நாலு கதிரை. நான் கேளாமலே வானின் படியில் இருந்துகொண்டேன். பின்னேரம் மேற்கில் ஒரு துண்டு மேகம் கறுத்தது. கோடை மேகம், அது பெய்யாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இவர் கதிரையிலிருந்து எழும்பினார். மண்வெட்டியை எடுத்தார். வானைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்.

நானும் எழும்பினேன். அவர் வெட்டிய மண்ணைக் கையால் அள்ளி உட்பக்கம் அணைகட்டிக்கொண்டு பின்னால் போனேன். மூலை வந்ததும் அவர் நின்றார், நான் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஆற்றுப் பக்கம் சரிவு பார்த்து வாயை வெட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டைக் காலத்தில் எத்தனை இடத்தில், எத்தனை தறப்பாளைச் சுற்றி இப்படி வெட்டியிருப்போம். பேச என்ன இருக்கிறது. பூங்காக் காவலாளி ஓடி வந்தார்.

“ஐயா, புல்லை வெட்டாதேங்கோ. என்னத்துக்கு இது?”

“வெள்ளம் உள்ளுக்கு வந்திடும்” என்றார் இவர்.

காவலாளி வானின் சில்லுகளைப் பார்த்தார். தரைக்கும் வானின் அடித்தட்டுக்கும் இடையில் ஒரு ஆடு நுழைந்து போகலாம். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகுகாலம். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் ஆற்றில் கை கழுவப் போனபோது அவள் பின்னால் வந்தாள்.

“மச்சாள், உங்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக் கிடக்கு” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“நீங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து திரியேக்கை அண்ணையோட ட்ரக்டர் பெட்டியில இருந்தது நீங்கள். அம்மா கண் மூடேக்கையும் பக்கத்தில இருந்தது நீங்கள். நான் அங்க இருந்து போன் அடிச்சு அடிச்சுப் பாத்தன். அவர் எங்க படுத்தவர், என்னத்தைச் சாப்பிட்டவர் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. ஒருக்காலாவது அவரோட ஒரு வண்டியில படுத்து எழும்பவேணும் எண்டுதான் இந்த வானைப் பிடிச்சனான். அதுக்குள்ளையும் நீங்கள் ரெண்டு பேரும் கதையாமல் வாய்க்கால் வெட்டுறியள்.”

வேறு ஒருத்தி என்றால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். எனக்கு வந்தது கோபம். கனடாவில் வீடு, கார், கட்டில் உள்ள வான், எங்கள் வீட்டில் இவருடைய சிரிப்பு; எல்லாம் அவளுக்கு. நான் பட்ட சீரழிவு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதிலும் பங்கு கேட்கிறாளே என்று நினைத்தேன். “மழை வராது, வாங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். அன்றிரவு இவருடைய கட்டிலுக்குக் கீழே அரிசிச் சாக்கின் பக்கத்தில் பாயைப் போட்டு நன்றாகத் தூங்கினேன். எங்கையும் படுப்பாள் என்று இவர் சொன்னதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அது எனக்கு முன்புபோல் சுடவில்லை.

இப்போதும் பொழுதுபட்டால் அவள் கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பாள். இவர் பச்சைக் கதிரையில் சாய்ந்து, ஓட்டையில் கோப்பையை வைத்துக்கொண்டு கதைப்பார். அடுத்த முறை எந்த ஆறு என்று திட்டம் நடக்கிறது. இடையில் அவள் பழைய கேள்விக்கு வருவாள்: “அந்த நேரம் எங்க அண்ணை படுத்தனீங்கள்?” இவருக்கு அந்தக் கதை வராது. “அவளைக் கேள், அவளுக்குத்தான் தெரியும்” என்று தொலைபேசியை என்னிடம் நீட்டுவார். நான் சுகம் கேட்பேன், பிள்ளையைப் பற்றிக் கேட்பேன், பிறகு சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

கதிரையைத் திருப்பிக் கேட்டால் நாளைக்கே துடைத்துக் கொடுத்துவிடுவேன். கோப்பையையும் சேர்த்துக் கொடுப்பேன். ட்ரக்டர் பெட்டியில், அரிசிச் சாக்குக்கும் இவருடைய தோளுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நான் இருந்த அந்த இடத்தை மட்டும் அவளுக்குக் கொடுக்கமாட்டேன்.