தோளைத் தொடும் வரை

முனிலட்சுமி இந்தியாவுக்காக ஆடுகிறவள் என்று சொன்னால் ஜூஜுவாடியில் அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வெங்கடப்பனே நம்ப மாட்டார். நெஞ்சில் இந்தியா என்று எழுதிய நீலச் சட்டை கொடியில் காய்வதைப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட் சட்டையாம்மா? எங்க வாங்குன?" என்று கேட்டவர் அவர். ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, அதில் பெண்களுக்கு ஒரு தேசிய அணி இருக்கிறது, அதில் தான் எட்டாம் நம்பர் என்று முதலில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அத்தனை பேரும் "கபடி மாதிரியா?" என்றுதான் முடித்தார்கள். இப்போதெல்லாம் அவளே முந்திக்கொண்டு கபடி மாதிரிதான் என்று சொல்லிவிடுகிறாள். வாய் வலிதான் மிச்சம்.

உண்மையில் அது விழுவதற்கென்றே உண்டான ஆட்டம். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிரே வரிசையாக நிற்கும் பதிமூன்று பேர் மீது போய் மோத வேண்டும். அவர்கள் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடி மோத வேண்டும். ஆறு தடவை விழுந்தும் கோட்டைத் தாண்டவில்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டோரத்தில் பஸ்ஸுக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்து வளர்ந்த உடம்பு அவளுடையது. விழுவதும் எழுவதும் அவளுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. ஆனால் முப்பது வயதில் வலது முட்டி வேறு கதை சொல்ல ஆரம்பித்தது.

வயிற்றுப் பிழைப்பு ஓசூரில், மொபைல் சார்ஜர் செய்யும் கம்பெனியில். ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஏழு வருஷமாகத் திருகாணி முடுக்குகிறாள். அந்த லைனில் ஒரு சட்டம் உண்டு. அவசரத்துக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மாற்றாக உட்காரும் ரிலீவர் வந்து பின்னால் நின்று இடது தோளைத் தொடுவாள். தொட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள், ரிலீவர் வருகிறாள் என்று பார்த்ததுமே முனிலட்சுமி எழுந்துவிட்டாள். நான்கு சார்ஜர் திருகாணி இல்லாமல் போய், சிவப்பு விளக்கு எரிந்து, லைன் மொத்தமும் நின்றது. அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் தோளில் கை படாமல் அவள் இடத்தை விட்டு அசைந்ததே கிடையாது.

அவளுடைய ரிலீவர் தாஹிரா, இருபத்திரண்டு வயசுக்காரி, பாகலூர்ப் பெண். ஓட்டத்தில் காற்று. அவளையும் ஆட்டத்துக்கு இழுத்துவந்தது முனிலட்சுமிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அத்திப்பள்ளி வழியாக இரண்டு பஸ் மாறி பெங்களூர் மைதானத்துக்குப் போவார்கள். பயிற்சிக்குப் பதிமூன்று பேர் சேர்வதே அபூர்வம். ஆளை மாற்றி இறக்குவது என்ற ஒன்றை அங்கே அவர்கள் பார்த்ததே இல்லை.

தேசிய அணிக்காக முனிலட்சுமி ஆடிய நான்கு மேட்சும் தோல்வி. ஒவ்வொரு முறையும் அம்மா சரோஜம்மாள் ஊரிலிருந்து போன் போட்டு, "ஜெயிச்சிட்டியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். ஐந்தாவது மேட்ச் பெங்களூரிலேயே நடந்தது; மாற்று ஆட்டக்காரியாகத் தாஹிராவும் முதல் தடவையாக அணியில் இருந்தாள். இதோடு விட்டுவிடுவது என்று முனிலட்சுமி முடிவு செய்திருந்தாள். போவதற்குள் ஒரே ஒரு வெற்றி. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டு அணி எட்டு, இந்தியா பத்து. இன்னும் நான்கு நிமிஷம். முட்டி அவளைக் கைவிட்டிருந்தது; நொண்டிக்கொண்டேதான் வரிசையில் நின்றாள். கோச் ஹரீஷ்குமார் கோட்டோரத்தில் இருந்து, "லட்சுமி, ஹொரகே பா! வெளிய வா!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினார். பழைய ஆள் வெளியேறிய பிறகுதான் புது ஆள் உள்ளே வர வேண்டும் என்று முந்தின நாள் அவர் சொல்லியும் இருந்தார். அது காதில் விழுந்ததே தவிர கைகாலுக்கு இறங்கவில்லை. நாம் நகர்ந்தால் இடம் காலியாகிவிடும் என்று முனிலட்சுமி அசையாமல் நின்றாள். இவள் எழுந்து வர மாட்டாள், நாம்தான் போக வேண்டும் என்று தாஹிரா ஓடினாள். ஓடி, பின்னால் நின்று, இடது தோளைத் தொட்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு நேராக அவர்கள் மீது பாய்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளை அலாக்காகத் தூக்கிக் கீழே போட்டார்கள். அன்றைய ஆட்டத்திலேயே அதுபோல ஒரு பிடி இல்லை. விசில் ஒலித்தது. நடுவர் தலைகளை எண்ணினார். பதினாலு.

பெனால்டி. எதிரணிக்காரி உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே சுகமாகப் போய் இரண்டு புள்ளி சேர்த்தது. பத்துக்குப் பத்து. மிச்ச நிமிஷங்களிலும் அது மாறவில்லை.

"தப்பு என்னுது சார், நான்தான் உள்ள போனன்" என்றாள் தாஹிரா.

"அவ என்ன பண்ணுவா சார்? நான் வெளிய வந்திருந்தா அவ ஏன் உள்ள வர்றா?" என்றாள் முனிலட்சுமி.

ஹரீஷ்குமார் யாரையும் திட்டவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருவருக்கும் இருந்தது.

அத்திப்பள்ளி பஸ்ஸில் போன் வந்தது. "ஜெயிச்சிட்டியா?"

"இல்லம்மா. தோக்கவும் இல்ல."

"அது என்னாடி, ரெண்டும் இல்லாம?"

அப்புறம் பேசுகிறேன் என்று முனிலட்சுமி போனை வைத்தாள். பக்கத்தில் தாஹிரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முனிலட்சுமி லைனில் கையைத் தூக்கினாள். தாஹிரா வந்து இரண்டடி தள்ளியே நின்றாள். ஒரு சார்ஜர் வந்தது, முடுக்கினாள். இன்னொன்று வந்தது.

"வந்துட்டன்க்கா. எந்திரி."

"தொடு."

"கை வர மாட்டேங்குதுக்கா."

"இங்க தொட்டாத்தான் எந்திரிப்பன். தொடு தாஹிரா."

தாஹிரா தொட்டாள். முனிலட்சுமி எழுந்தாள், தாஹிரா உட்கார்ந்தாள். பெல்ட்டில் ஒன்றும் தவறவில்லை.

"எட்டாம் நம்பர் இனிமே உனக்குத்தான். கோச்கிட்ட சொல்லிட்டன்" என்றாள் முனிலட்சுமி, குனிந்து, மெதுவாக. "ஜெயிச்சா மொதல்ல எங்கம்மாவுக்கு போன் பண்ணு. நம்பர் தர்றன்."

தாஹிரா திரும்பவில்லை, திரும்பினால் திருகாணி தப்பிவிடும். தலையை மட்டும் ஆட்டினாள்.

கழிவறைக்குக் கொடுக்கும் ஐந்து நிமிஷத்தில் மூன்றை முனிலட்சுமி அழுவதற்கு எடுத்துக்கொண்டாள். மிச்ச இரண்டில் முகத்தைக் கழுவி, நொண்டியபடியே திரும்பி வந்து, தாஹிராவின் இடது தோளைத் தொட்டாள்.