அக்காவுக்காக அப்பா எழுதிய பதில்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இலங்கையின் மாத்தளை நகரத்துக் கல்லூரியில் படித்தவர் என் அப்பா. எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலிருந்து அங்கே போன ஒரே பையன் அவர்தான். அதை அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது.

எல்லோருக்கும் வாக்குரிமை என்று பேச்சு வந்திருந்த காலம் அது. ஒரு பெரிய தலைவர் கல்லூரி மண்டபத்தில் பேசினார். தேர்தல் வந்தால் மட்டும் தலைவர்களுக்கு மலையேறக் கால் வலிக்காது. இவரோ அந்த வேலையையும் மாணவர்கள் தலையில் கட்டிவிட்டார். வாக்காளர் பட்டியலுக்கான படிவக் கட்டோடு அப்பா லயம் லயமாக ஏறினார். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பவிசில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி: இந்த நாட்டிலேயே நிலையாக இருக்கப் போகிறீர்களா? இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்த தோட்டத்துச் சனம் யாரும் அதற்கு ஆமென்று சொல்ல மாட்டார்கள். இங்கேதான் சாவேன் என்று வாய்விட்டுச் சொன்னால் இந்தியாவில் இருக்கிற குலசாமிக்குப் பொறுக்காதாம். பெற்ற பிள்ளையை இந்த மண்ணில் புதைத்தவர்கள்கூட, "அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவோங்க" என்பார்கள். ஒருவரும் போனதில்லை. அப்பாவின் அக்காவும் அதையேதான் சொன்னார். அப்பா கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே எழுதிக் கொடுத்தார். பட்டியலில் அத்தையின் பெயர் வரவில்லை.

பிறகு நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, சட்டங்கள் மாறித் தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோனது. வாத்தியாராகிவிட்ட அப்பாவுக்கு எப்படியோ பிரஜாவுரிமை கிடைத்தது. அத்தைக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் அந்தப் படிவத்தால் வந்த வினை என்று அப்பா கடைசிவரை நம்பினார். அது இல்லாவிட்டாலும் நம் ஆட்களைக் கழித்துக் கட்டியிருப்பார்கள் என்று நான் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். என்ன பிரயோசனம்? எழுபது தாண்டிய இந்த வயதிலும் அந்தத் தலைவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிரஜாவுரிமை இல்லையென்று அரசாங்கம் அத்தை குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிய அன்று எனக்குப் பதினெட்டு வயது. மாத்தளை ரயில் நிலையம் முழுக்க ஒப்பாரி. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு முன்னால், விம்மி விம்மி அழுதார்.

"அக்கா, நீ எங்கயும் போகமாட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் நீ சொன்னத அப்படியே எழுதிப்புட்டேன்."

அத்தை அவர் கையைத் தடவிக்கொடுத்தார்.

"நீ என்னா செய்வ தம்பி? போறேன் போறேன்னு நாந்தானே சொன்னேன். இப்ப இங்கயே இருக்கேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். அத எழுதிக்கத்தான் ஒருத்தரும் வரல."

ரயில் நகர்ந்தது. அப்பா கம்பியை விடவில்லை. நான்தான் அவர் விரல்களைப் பிரித்துவிட்டேன்.