மேடையில் அடைத்த வாய்க்கால்

மேடை ஏறிய நாள் முதல் எனக்கு வில்லன் வேஷம்தான். குரல் அப்படி, மீசை அப்படி. இத்தனை ஊர் சுற்றியும் கல்லடி படாமல் திரும்பியதுதான் என் பெரிய சாதனை என்று மனைவி கிண்டல் செய்வாள். இப்போது தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நான் கத்துவது பக்கத்துத் தெரு வரை கேட்கும். மேடையில் இடியே விழுந்தாலும் வேஷம் கலையக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு கத்தலும்.

திருவையாற்றுப் பக்கமிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வகுப்புக்கு வருவார். கல்லூரியில் படிக்கும் மகள் உண்டு. ஒத்திகையில் அவர் வாயைத் திறந்தால், நான் என் வசனத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் வீட்டில் ஒரு நிபந்தனை. "ஒரே ஒரு நாடகம். நம்ம ஊர்லயே போடு, நான் பாக்குறேன். அதோட சரி" என்று கணவர் சொல்லிவிட்டாராம். கணவர் விவசாயி, அதிகம் பேசாதவர். இப்படி ஒரு நடிகையை ஒரே நாடகத்தோடு விட்டுவிட வேண்டுமா என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அவர் ஊரிலேயே, அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த களத்தில் மேடை போட்டோம். கதை, தண்ணீர்த் தகராறு. நான் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் உள்ள தலைமடைக்காரன், தண்ணீர் பாய்ச்சும் என் முறை முடிந்த பிறகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்துத் தண்ணீரை என் வயலுக்கே திருப்பிக்கொள்கிறவன். அந்த அம்மா வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரி. பயிர் காய்கிறது என்று கெஞ்சி, அழுது, திரும்பிப் போக வேண்டும். வாய்க்கால் திறப்பது கடைசிக் காட்சியில்தான். அசலாக இருக்கட்டும் என்று நிஜ மண்ணையே கொட்டி, கையில் மண்வெட்டியோடு நின்றேன். டெல்டாக்காரர்கள் கண்ணெதிரே வாய்க்காலை அடைத்துவிட்டு, கடைசிக் காட்சி வரை அவர்கள் பொறுமையாக இருப்பார்கள் என்று நம்பினேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

அந்த அம்மா கெஞ்சத் தொடங்கியதுமே முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "யோவ், முறை முடிஞ்சப்பறம் அடைக்க நீ யாருய்யா? மண்ண எடு!" துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மேடைக்கே ஏறி வந்து, என் மண்வெட்டியைப் பிடுங்கினார். எனக்கு அடுத்த வசனம் அடியோடு மறந்துபோனது.

கூட்டத்தின் நடுவிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அவ நியாயத்தத்தானய்யா கேக்குறா!" பார்த்தால், அந்த அம்மாவின் கணவர்.

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கடைமடைக்காரியாகவே பார்த்தார். "நீங்க உக்காருங்க. இது என் வயலு, நான் பேசிக்கிறேன்." பிறகு பெரியவரிடம், "பெரியப்பா, மம்பட்டிய அவருகிட்டயே குடுங்க. அடைச்ச கையாலயே தொறக்கட்டும்" என்றார்.

நாடகத்தில் இல்லாத வசனம். அதை நான் எழுதவில்லையே என்று பொறாமையாக இருந்தது. பெரியவர் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் வெட்டினேன். மண் சரிந்ததும் களம் முழுக்கக் கைதட்டல், விசில். இன்னும் பாதி நாடகம் பாக்கி இருந்தது. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதே கிடையாது.

கூட்டம் கலைந்ததும் கணவர் என்னிடம் வந்தார். சொன்னபடி ஒரு நாடகம் முடிந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சிதறிக் கிடந்த மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நின்றார்.

"அடுத்து எந்த ஊர்லங்க?"

வலங்கைமானில் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப நானும் வர்றேங்க" என்றார். "அங்க எல்லாரும் உங்க பக்கம் பேசிட்டா? அவளுக்குன்னு ஒரு ஆளு வேணுமில்ல."