புல்தரையில் பறித்த கீரை

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை நின்றபோது, குன்னூரில் ஒரு பங்களாவுக்குப் பெருக்கப் போனேன். அங்கே புல்தரையில் களைக்கு மருந்தடிக்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், வாயில் துண்டு கட்டியிருப்பார். ஒரு சிட்டிகைப் புல்லைத் தூவி, காற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் என் மடியில் இருந்த கீரையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, இந்தப் புல்லுல பறிச்சதுங்களா?"

தலையாட்டினேன்.

"நான் அடிக்கறதுக்கு முன்னயா, பின்னயா?"

பின்னால்தான். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் மகள் உலை வைத்திருப்பாள்.

"மருந்து வேர் வரைக்கும் எறங்குமுங்க. கழுவுனாப் போயிருமா?"

கீரையை வாங்கிக் குப்பைக் குழியில் போட்டார். சோப்பைக் கொடுத்து, என் கையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு தன் கையை அந்த வாய்த்துண்டிலேயே துடைத்துக்கொண்டு, சோற்றுச் சட்டியைத் திறந்தார்.

"உங்க கை?" என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்டிருக்கலாம். அவர் உருட்டிய முதல் கவளம் இன்னும் கண்ணில் நிற்கிறது.